அடிப்பவள் என் பாடு

கூட்டுறவுக் கடையில் முட்டை அட்டையோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பில் போடும் டார்லா முட்டையைத் தொடவில்லை. தன் போனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அடியே இங்கா, இதப் பாத்தியா? பாரு... பாரு... இந்தா, இங்க! படுத்துக்கிட்டா பாரு மகாராணி! அந்தப் பொண்ணு வந்து கோல் அடிக்கிறா, இவ வேற பக்கம் பாத்துக்கிட்டு நீட்டிப் படுத்துக் கெடக்குறா!"

பதினொரு விநாடி வீடியோ. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யாரோ மேல்படியில் உட்கார்ந்து எடுத்தது. லிண்டல் ஊர் அணியின் முன்வரிசைக்காரி கார்டினல், கறுப்பு ரப்பர் வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு இடப்பக்கமாக வருகிறாள். வலப்பக்கம் அவளுடைய கூட்டாளி ஒருத்தி. இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் வேரா மட்டும். வேரா கார்டினலுக்கு முதுகைக் காட்டியபடி பனித்தரையில் நீளமாக விழுகிறாள். கார்டினல் அடிக்கிறாள். கோல். வீடியோ எடுத்த புண்ணியவான் வேரா விழும் இடத்தில் ஒரு குறட்டைச் சத்தத்தை வேறு சேர்த்துவிட்டிருந்தான். ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

"நேத்து அவள வெளிய உக்கார வெச்சாங்க. நேத்தே ஜெயிச்சோம். இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்?" என்றாள் டார்லா. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம்தான் அவள் அட்டையைத் திறந்து, உடைசல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டாள். பையை நீட்டும்போது என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ என்னடி பண்ணுவ, பாவம். உன்னத் தனியா வுட்டுட்டாளே."

அந்த வீடியோவில் வலைக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் கோல்கீப்பர் நான்தான்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரும் வழியெல்லாம் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். டார்லாவுக்கு ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடிக்காமல் நாலு அடி நகரத் தெரியாது. பின்னால் நின்று சிரித்தவர்களில் ஒருத்தன் கார் டயர் மாற்றக்கூட வேராவின் தம்பியைக் கூப்பிடுகிறவன். எங்கள் ஹல்விக் மொத்தமே ஆயிரத்து இருநூறு பேர் உள்ள ஊர். ஆனால் பனி ஹாக்கி என்று வந்துவிட்டால் ஆயிரத்து இருநூறு பேரும் பயிற்சியாளர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். சரி, மூட வேண்டாம். உண்மை தெரிந்த ஒரு வாய் திறந்திருக்கலாம் அல்லவா? அது என் வாய். அதுதான் நாலு நாளாக மூடிக் கிடந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் அணியில் நர்ஸ் இருக்கிறாள், பால்பண்ணைக்காரி இருக்கிறாள், வங்கியில் வேலை பார்க்கிறவள் இருக்கிறாள். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மாகாண இறுதிக்கு வந்திருந்தோம். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் கோப்பை. முதல் ஆட்டம் எங்கள் ஊரில். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, கடைசி மூன்று நிமிஷத்தில் எங்கள் ப்ரியானா வட்டை எடுத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் பாய்ந்தாள். இருபத்திரண்டு வயது, கல்லூரி அணியில் ஆடிவிட்டு வந்தவள். அவளும் வேராவும் ஜோடி டிஃபென்ஸ். தற்காக்க வேண்டியவள்தான், ஆனால் வட்டோடு அவள் ஓடினால் கூட்டம் எழுந்து நிற்கும். அன்றும் எழுந்து நின்றது. அவள் வட்டைப் பறிகொடுத்தாள். கூட்டம் உட்காருவதற்குள் லிண்டல்காரிகள் இரண்டு பேர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் மிச்சமிருந்தது வேரா ஒருத்தி.

இரண்டு பேருக்கு ஒருத்தி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆட்டம் நடக்காத நேரத்தில். டிஃபென்ஸ் ஆட்டக்காரி வட்டு வைத்திருப்பவளிடம் போகக் கூடாது. போனால் அவள் குறுக்கே பாஸ் கொடுத்துவிடுவாள். மறுபக்கம் நிற்பவளுக்கு முன்னால் வலை திறந்து கிடக்கும். கோல்கீப்பர் அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் டிஃபென்ஸ் பாஸ் போகும் வழியை அடைக்க வேண்டும். அடிப்பவளைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வாள். வேராவும் நானும் பதினாலு வருஷமாக ஒன்றாக ஆடுகிறோம். முதல் வருஷமே பேசி வைத்துக்கொண்டோம். "அடிக்கிறவ உன் பாடு, வாங்குறவ என் பாடு" என்றாள் அவள். அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேச வேண்டி வந்ததே இல்லை.

அன்று வேரா தன் பாட்டைச் சரியாகப் பார்த்தாள். மட்டையை நீட்டி, உடம்பைக் குறுக்கே போட்டு, ஒரு பாஸ்கூடப் போக முடியாதபடி வழியை அடைத்துவிட்டாள். கார்டினலுக்கு அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை, அதுவும் ஓரமான கோணத்திலிருந்து. அந்த அடியைப் பத்தில் ஒன்பது தடவை நான் பிடிப்பேன். ஆனால் அந்த அரை நொடியில், பாஸ் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பயம். பதினாலு வருஷத்தில் வராத பயம். வலப்பக்கம் அரை அடி சாய்ந்தேன். இடப்பக்கக் கம்பத்துக்கும் என் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் திறந்தது. கார்டினல் அதைப் பார்த்தாள். அவ்வளவுதான் கதை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோல்கீப்பரைக் குறை சொல்லக் கூடாது. கோல் விழுந்ததும் அணியில் ஒவ்வொருத்தியாக வந்து கோல்கீப்பரின் கால்கவசத்தில் மட்டையால் தட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு காலுக்கு நடுவில் போனாலும் தட்டுவார்கள், கொட்டாவி விடும்போது போனாலும் தட்டுவார்கள். அவள் மனசு உடைந்தால் ஆட்டமே உடைந்துபோகும் என்று ஐந்து வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். நல்ல வழக்கம்தான், நானே அதில் குளிர்காய்ந்தவள். ஆனால் விழுந்த கோல் விழுந்ததுதானே? அதற்கு ஒரு அப்பன் வேண்டுமே? கோல்கீப்பர் இல்லை என்றால் யார்? டிஃபென்ஸ். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் ரஸ் கேட்டார். கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், குரல் மட்டும் பெரிசு.

"வேரா, அங்க என்னம்மா பண்ணினே நீ?"

"பாஸ மறிச்சேன்."

"பாஸா? யாரும்மா பாஸ் குடுத்தா? அவதான் நேரா அடிச்சாளே!"

வேரா எதிர்பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு நொடி இருக்கும். நான் என் கால்கவசத்தின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கழன்றிருந்தது. திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினேன். வேரா மறுபடியும் குனிந்துகொண்டாள். போகும்போது எல்லோரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியின்போது ரஸ் பலகையில் பெயர் எழுதினார். வேராவின் பெயர் இல்லை. முன்வரிசையில் ஆடும் டானாவை டிஃபென்ஸுக்கு இழுத்திருந்தார். "வருஷம் பூரா வேரா எத்தன கோல் அடிச்சிருக்கா? ரெண்டு. எத்தன கோலுக்கு உதவியிருக்கா? அஞ்சு. ப்ரியானா பதினாலு அடிச்சிருக்கா" என்று தாளைத் தட்டிக் காட்டினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்வோம், ஆட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை லிண்டலில் ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தோம். ஐந்து கோல் வாங்கியிருக்கிறோம் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. என்னை நோக்கி நாற்பத்து நாலு அடிகள் வந்தன. வேரா இருந்தால் இருபதைத் தாண்டாது. வேராவைத் தூக்கினதால்தான் ஜெயித்தோம் என்று பேருந்தில் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். நானும் அந்தப் பேருந்தில்தான் இருந்தேன்.

அந்தத் தாளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. கோல் அடித்தவள் பெயரை எழுதுகிறார்கள், உதவியவள் பெயரை எழுதுகிறார்கள், தப்பாட்டம் ஆடி இரண்டு நிமிஷம் தண்டனையில் உட்கார்ந்தவள் பெயரைக்கூட எழுதுகிறார்கள். நடக்காமல் போனதை எந்தத் தாளில் எழுதுவது? வேரா பின்பக்கமாகவே ஸ்கேட் ஓட்டிக்கொண்டு வருவாள், எதிரியின் மட்டையைப் பார்க்க மாட்டாள், வட்டையும் பார்க்க மாட்டாள், நெஞ்சைப் பார்ப்பாள். கை ஏமாற்றும், கண் ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போக முடியும். ஒரு மட்டை நீளத்துக்கு மேல் இடைவெளி விட மாட்டாள், அதற்குக் குறைவாக நெருங்கவும் மாட்டாள். அப்படியே ஓரத்துக்கு, ஓரத்துக்கு என்று ஒதுக்கிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரில் சேர்த்துவிடுவாள். அடித்து வீழ்த்துவது கிடையாது. எதிரிக்குத் தான் தோற்றதே தெரியாது, இடம் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்புவாள். வட்டு கிடைத்ததும் அழகு பார்க்காமல் பக்கத்து ஆளின் மட்டைக்கு ஒரே தள்ளு. என் முன்னால் நின்று கண்ணை மறைப்பவளை இடுப்பால் நகர்த்தி எனக்கு வழி காட்டுவாள். வாய் ஓயாது. "இடது, இடது! நேரமிருக்கு! பின்னால ஆளு வருது!" வெளியே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவள், பனித்தரையில் ஏலக்காரன் மாதிரி கத்துவாள். வேரா நன்றாக ஆடிய அன்று ஆட்டம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஊர்க்காரர்கள் நடுவில் எழுந்து உருளைக்கிழங்கு வறுவல் வாங்கப் போவார்கள். அவர்கள் நிம்மதியாக வறுவல் தின்றது யாரால் என்று எவனாவது யோசித்திருப்பானா?

முட்டையை வீட்டில் வைத்த கையோடு தானியக் கிடங்குக்குப் போனேன். வேராவுக்கு எடைமேடையில் வேலை. சன்னலுக்கு வெளியே லாரி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டு கொடுப்பாள். மார்ச் மாதத்துச் சகதியில் கடுகு ஏற்றிய லாரிகள் மூன்று வரிசையில் நின்றன. நான் உள்ளே போய் ஹீட்டர் பக்கத்தில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"வேரா, நான் ரஸ்கிட்டப் பேசப்போறேன்."

"என்னன்னு?"

"அந்தக் கோல் என்னோடதுன்னு. நான் சாஞ்சுட்டேன்டி. எடம் விட்டுட்டேன்."

அவள் சீட்டைக் கிழித்து லாரிக்காரனிடம் நீட்டினாள். அவன் ஏதோ கேலியாகச் சொல்லிக் குறட்டை விடுவது போல் செய்து காட்டிவிட்டுப் போனான். அவள் சன்னலை மூடினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நீ சாஞ்சது எனக்குக் கேட்டுச்சு. ஸ்கேட்டு இழுபட்ட சத்தம், முதுகுக்குப் பின்னால."

"அப்ப ஏன்டி நீ சொல்லல?"

"நான் சொன்னா சாக்கு. நீ சொன்னாத்தான் நெசம்."

அழுதால் அதற்கும் அவள்தான் ஆறுதல் சொல்ல வேண்டி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "பயந்துட்டேன்டி" என்றேன்.

"தெரியும்." அடுத்த லாரி மேடையில் ஏறி நின்றது. அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாப்பத்தியோரு வயசு, இங்கா. முட்டியில ரெண்டு தடவ கத்தி வெச்சாச்சு. இந்த ஒரு இறுதிக்குத்தான் இந்த வருஷமும் வந்தேன். ஞாயித்துக்கெழம ஆடணும், அவ்வளவுதான். கோப்ப வந்தா வருது, போனா போவுது, ஆடணும்." பிறகு முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அடிச்சது போவுது. பாஸ் போயிரும்னு நெனச்சியே, அதான் உறுத்துது. நான் அங்க கெடந்தேன்ல?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் சன்னலைத் திறக்கத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தை அப்படியே காப்பிக்கடை வாசலில் நிறுத்தினேன். காலை ஒன்பது மணிக்கு அந்த நீள மேசையில் ஊர்ப் பெரிசுகள் உட்கார்ந்திருப்பார்கள். கோதுமை விலையிலிருந்து பிரதமர் வரை அங்கேதான் தீர்ப்பாகும். நடுவில் ரஸ். புதன்கிழமை ஜெயித்தபோது போட்டிருந்த அதே பச்சைச் சட்டை, துவைக்காமல். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"வாம்மா, நாப்பத்து நாலு!" என்றார் ஸ்டான் மாமா. என் அப்பாவோடு ஒன்றாக ஆடியவர்.

"கைதட்டாதீங்க. ரஸ், ஞாயித்துக்கெழம வேரா ஆடணும். அந்தக் கோல் என் தப்பு."

எல்லோரும் ஒரே சமயத்தில் "அய்யய்ய" என்றார்கள். நான் விடவில்லை. மேசை மேல் இருந்த உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் இழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தேன். நடுவில் தக்காளி சாஸ் பாட்டிலைப் படுக்க வைத்தேன். காப்பிக் கோப்பையை இந்தக் கோடியில் நிறுத்தினேன், அது நான். "உப்பு, கார்டினல். மிளகு, அவ கூட்டாளி. வேரா இந்த உப்புகிட்டப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லுங்க மாமா. மிளகுக்குப் பாஸ் போயிருக்கும். மிளகு கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் கோல். பாட்டில் எங்க இருக்கணுமோ அங்கதான் இருந்துச்சு. கோப்பைதான் நகந்துச்சு. இப்படி. இந்தா, இந்த எடம். இது வழியாத்தான் போச்சு!"

கோப்பையை நகர்த்திய வேகத்தில் மிச்சக் காப்பி ரஸ்ஸின் சட்டையில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் கோப்பையையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டான் மாமா மெதுவாக எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்கப்பன் மாதிரியேம்மா நீ. சிநேகிதிக்காகப் பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கிறா பாருங்கய்யா. இந்த மனசு யாருக்கு வரும்?"

"மாமா, நான் பழி எடுக்கல! உள்ளது சொல்றேன்!"

"தெரியும்மா, தெரியும்."

இன்னொருவர் "இப்படி ஒரு கோல்கீப்பர் கெடைக்க நாம குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். எனக்கு ஒரு காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னதற்கு ரொட்டி! கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. கத்தக் கத்த என் மேல் அவர்களுக்குப் பாசம்தான் பொங்கியது.

ரஸ் மட்டும் அந்த உப்பையும் மிளகையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் வரைக்கும் என்னோடு வந்தார். "நீ சொல்றது சரிதான்னு எனக்குப் படுதும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"அப்ப?"

"ஜெயிச்ச டீமுல கை வெக்கக் கூடாதும்மா. அது உனக்கே தெரியும். இப்ப மாத்தி, தோத்துட்டா? என்னை இந்த ஊர்ல இருக்க வுடுவாங்களா? இந்தா, சட்டையையே நான் மாத்தல." அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. "இதயெல்லாம் போன ஞாயித்துக்கெழமையே சொல்லியிருந்தா வேற. இனிமே எதையும் யோசிக்காத. போயித் தூங்கு. உன் மனசுதான் முக்கியம்."

என் மனசு! எல்லோருக்கும் என் மனசுதான் முக்கியம். எடைமேடையில் லாரிக்காரன்கள் குறட்டை விட்டுக் காட்டுகிற ஒருத்திக்கு மனசு என்று ஒன்று இருப்பதே எவனுக்கும் தோன்றவில்லை. ரொட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பனித்தரைக் கூடத்தில் நிற்க இடமில்லை. வேரா வந்திருந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். நீலக் குளிர்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக எங்கள் பெஞ்சின் கோடியில் நின்றாள். ஆடாமல் வெளியே வைக்கப்பட்டவர்களுக்குப் பெஞ்சில் ஒரு வேலை உண்டு. உள்ளே வருகிறவளுக்கும் வெளியே போகிறவளுக்கும் அந்தச் சின்னக் கதவைத் திறந்து மூட வேண்டும். அறுபது நிமிஷமும் திறந்து திறந்து மூடினாள். ஒரு தடவைகூடத் தாமதமில்லை. அதையும் ஒழுங்காகத்தான் செய்தாள்.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? என் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் என் ஆட்களே, எதிரியைத் தள்ளத் தெரியாமல் அவளோடு சேர்ந்து அவர்களும் என் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பின்னால் ஆள் வருகிறதா, நேரம் இருக்கிறதா, ஒன்றும் கேட்காது. ப்ரியானா ஒரு கோல் அடித்தாள், அழகான கோல், கூரை இடியக் கத்தினார்கள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, ஓடு ஓடு என்று ஊரே கத்தினால் எந்தப் பெண் நிற்பாள்? அவள் ஓடினபோதெல்லாம் இரண்டு பேருக்கு ஒருத்தியாக மாட்டியது டானா. மூன்று தடவை. மூன்று தடவையும் டானா வட்டு வைத்திருப்பவளைப் பார்த்துப் பாய்ந்தாள், வீரமாக, கூட்டத்துக்குப் பிடித்த மாதிரி. மூன்று தடவையும் பாஸ் குறுக்கே போனது. ஐந்துக்கு இரண்டு என்று தோற்றோம். "பாவம் இங்கா, தனியா என்ன பண்ணுவா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது எனக்கே கேட்டது.

லிண்டல்காரிகள் கையுறைகளையும் தலைக்கவசங்களையும் தூக்கி எறிந்து கட்டிப்பிடித்து உருண்டார்கள். பிறகு இரண்டு அணியும் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டோம். இறுதி முடிந்தால் அது செய்தாக வேண்டும், அழுதுகொண்டாவது. வாழ்த்துகள், வாழ்த்துகள், நல்ல ஆட்டம் என்று கை மேல் கை போனது. கார்டினல் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எங்கள் பெஞ்சைப் பார்த்தாள். அவள் வரிசையின் முன்னால் நின்றவள். எங்கள் கடைசி ஆளுக்குக் கை கொடுத்து முடித்ததும் தன் அணியை நோக்கித் திரும்பவில்லை. நேராக எங்கள் பெஞ்சின் கதவுக்குப் போனாள்.

வேரா கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், எங்கள் ஆட்கள் உள்ளே போவதற்காக. கார்டினல் உள்ளே போகவில்லை. கையை நீட்டினாள்.

"ரெண்டு ஆட்டமா உன்னத் தேடிக்கிட்டே இருந்தேன். எங்க போயிட்டக்கா?"

"இங்கதான். கதவு தொறந்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லவேள" என்றாள் கார்டினல். சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "மொத ஆட்டத்துல எனக்கு வழியே இல்ல. கண்ண மூடிக்கிட்டுத்தான் அடிச்சேன்."

அப்படி இல்லை. அவள் பார்த்துத்தான் அடித்தாள். நான் அவள் முகத்துக்கு நேரே நின்றவள், எனக்குத் தெரியாதா? எதிரி ஊர்க்காரி என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிப் பேசிவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் லிண்டலின் இரண்டாம் ஆட்டக்காரி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்றாமவள். கோப்பையைக் கொடுப்பதற்கு மேசை போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள், ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் போகவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட, ஜெயித்த பெண்கள் பதினெட்டுப் பேரும் பனித்தரையின் குறுக்கே வளைந்து வரிசை கட்டி, குளிர்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக நின்ற ஒருத்திக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். வேராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் மொத்தமும் படிகளில் நின்று பார்த்தது. டார்லா இருந்தாள். ஸ்டான் மாமா இருந்தார். ரஸ் பெஞ்சில் குனிந்து தண்ணீர் பாட்டில்களை எண்ணுவது போல் எதையோ செய்துகொண்டிருந்தார். யாரோ மேல்படியில் போனை உயர்த்தி, பிறகு இறக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

எங்கள் அணி பக்கத்துக் கதவு வழியாக அறைக்குள் போய்விட்டது. நான் போகவில்லை. கால்கவசத்தோடு வேகமாக நடக்க முடியாது. அகட்டி அகட்டிப் போய், லிண்டல்காரிகளின் வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பெண் திரும்பி என் சட்டையின் நிறத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் கையுறையைக் கழற்றினேன். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன, சட்டையில் துடைத்தேன். வரிசை நகர்ந்தது. வேரா இன்னும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.